லேபிளைப் படிப்பவர்கள்



பழைய இசைத்தட்டு கையில் கிடைத்ததும், பாட்டைக் கேட்பதற்கு முன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிப்பவர்கள் ஒரு தனி ரகம். நானும் அந்த ரகம்தான். ஜெர்மன் லேபிள் என்றால் சில நேரம் பாட்டே மறந்துபோகும்.

கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர், ஹானோவரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய தட்டுகளை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது ஒரு ஜெர்மன் பொம்மைக் கம்பெனி! 1890 வாக்கில், கையால் சுற்றும் விளையாட்டுக் கருவியோடு ஐந்து அங்குலத் தட்டுகளை அது விற்றது. 1898இல் தம்பி ஜோசப்போடு சேர்ந்து ஹானோவரில் அவர் தொடங்கியதுதான் டாய்ச்ச கிராமபோன். 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் தட்டாகி வந்ததும் ஹானோவரிலிருந்துதான். பாடி முடித்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வாரே, அது தட்டு அச்சிடுபவர்களுக்கு அடையாளம் தெரிவதற்காக என்பார்கள்.

பெர்லினில் 1903இல் பிறந்தது ஓடியன். அதுவரை தட்டின் ஒரு பக்கம்தான் பாடும், மறுபக்கம் சும்மா கிடக்கும். மறு ஆண்டே இரு பக்கமும் பதிந்து விற்று, போட்டிக் கம்பெனிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது ஓடியன். மின்பதிவு வரும்வரை இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய காரியம் நடக்கவில்லை என்பது என் கட்சி. 1930களில் ஏ.வி.மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தமிழ்ப் பாட்டுகளைக் கொண்டுவந்ததும் இதே ஓடியன்தான்.

பெக்கா, ஃபேவரிட், லைரோபோன் என்று இன்னும் பல லேபிள்கள் இருந்தன. ஓடியன் உட்பட அவற்றையெல்லாம் கார்ல் லிண்ட்ஸ்ட்ராம் கம்பெனி 1910 முதல் ஒவ்வொன்றாக விழுங்கியது.

அப்புறம் போர் வந்தது. டாய்ச்ச கிராமபோன் ஒரு லண்டன் கம்பெனியின் சொத்தாக இருந்ததால், எதிரி நாட்டு உடைமை என்று ஜெர்மன் அரசு அதைக் கைப்பற்றி, 1917இல் லைப்சிக்கின் பாலிஃபோன் நிறுவனத்துக்கு விற்றது. லேபிளில் கிராமபோன் குழாய் முன் உட்கார்ந்திருக்கும் அந்த நாய்க்கு இரண்டு எஜமானர்கள் ஆனார்கள். ஜெர்மனிக்குள் அது ஜெர்மன் கம்பெனியின் நாய். எல்லை தாண்டினால் லண்டன்காரர்களுடையது. அதனால்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும் தட்டுகளுக்குப் பாலிடார் என்று வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு தட்டு இருந்தால், தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். அது அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். லேபிளைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்