மகள் எந்தக் கணினி மொழியைப் படிக்கட்டும்?



உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை செட்டிகுளத்து வீடுகளில் ஒரு கேள்வி எழும். "உம்மா, வவுனியாவுக்குப் போய் இணையத்தளம் அமைக்கப் படிக்கட்டுமா?" ஒரு வகுப்பில் பி.எச்.பி. என்பார்கள், இன்னொன்றில் பைதன், மற்றதில் ஜாவாஸ்கிரிப்ட். கட்டணமோ வாப்பாவின் வியர்வை. எதற்குக் கொடுப்பது?

அபாயா தைத்து விற்கும் ஒரு சகோதரிக்கு இணையப் பக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் துணியையும் அளவையும் தெரிவு செய்தவுடன் விலையைக் கூட்டிக் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். எல்லாப் பிரவுசருக்கும் விளங்கும் ஸ்கிரிப்ட் மொழி இதுதான். எனவே இதைத் தவிர்க்க முடியாது.

வந்த ஓடரைச் சேமித்து வைப்பது தொலைவிலுள்ள சேர்வரின் வேலை. தெரிவு செய்யவேண்டியது இங்கேதான். பி.எச்.பி.யும் 1995இல் வெளிவந்தது. வேர்ட்பிரஸ், விக்கிப்பீடியா இரண்டும் இதில்தான் இயங்குகின்றன. குறைந்த வாடகைச் சேர்வர்களில் பெரும்பாலும் இது தயாராகவே இருக்கும். 1991இல் வந்த பைதன் வாசிக்க எளியது. இணையத்தளத்துடன் தரவு ஆய்வுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் உதவும்.

வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குப் பக்கம் அமைத்து உழைக்க விரும்பும் மகள், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் பழகி, ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. என்று போகட்டும். பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் கணினிப் பட்டப்படிப்பை நாடுபவள் பைதனில் ஊன்றட்டும்.

பணம் கட்டுமுன் மூன்றைக் கவனியுங்கள். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை பைதனையும் பி.எச்.பி.யையும் அங்கேயே தொட்டிருப்பாள். படித்த பாடத்துக்கே மீண்டும் கட்டணம் எதற்கு? மூன்றாவது, இம்மொழிகள் எல்லாமே இலவசம். ஒரு பழைய கணினியில் பிரவுசரும் நோட்பேடும் இருந்தால் ஜாவாஸ்கிரிப்டைத் தொடங்கிவிடலாம். ஒரு மாதம் வீட்டில் பழகி, தானே செய்த ஒரு பக்கத்தை மகள் காட்டட்டும். அதன்பின் வகுப்பைப் பற்றி யோசியுங்கள்.

ஒன்றை ஒழுங்காகக் கற்றவளுக்கு அடுத்தது விரைவில் கைவரும். மூன்றையும் தொட்டு மூன்றையும் விட்டவளுக்குத்தான் காலமும் காசும் நட்டம். வீட்டாருடன் மஷூரா செய்யுங்கள்; மகளை இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள்; பிறகு ஒன்றில் உறுதியாக நிற்கட்டும்.

நம் பெண்மக்களின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.