அனுமதிச் சீட்டு எங்கே?

குஜராத் மாநிலத்திலே, பனாஸ்காந்தா மாவட்டத்திலே, 12 ஊர்களைச் சேர்ந்த தாக்கூர் குலத்துப் பெரியவர்கள் 2019 ஜூலைத் திங்களில் ஒன்று கூடினர். திருமணத்திலே ஆடம்பரம் கூடாது என்றனர், நல்லது, வரவேற்போம். வெடி வேண்டாம், வீண் செலவு வேண்டாம் என்றனர்; மிக நல்லது. அத்துடன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை! மணமாகாத பெண்ணின் கையிலே கைப்பேசி இருத்தல் ஆகாது, இருந்தால் தகப்பனே பொறுப்பு என்று இன்னொரு தீர்மானமும் போட்டுவிட்டுத்தான் கலைந்தனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2016இல், அதே மாநிலத்து மெகசானா மாவட்டத்துச் சூரஜ் என்னும் சிற்றூரில், இதே 'குற்றத்துக்கு' 2100 ரூபாய் தண்டம் என்று அறிவித்துவிட்டனர்.

பட்டிக்காட்டுப் பஞ்சாயத்து என்று சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? சிரிப்பைச் சற்றே அடக்குங்கள், தோழர்களே! அந்தப் பெரியவர்கள் ஓர் உண்மையைப் பிழையின்றிக் கண்டுகொண்டவர்கள். அந்தச் சின்னஞ்சிறு பெட்டி பேசுவதற்கு மட்டும் ஆனதன்று, கேட்பதற்கும் ஆனது. எவரிடம் கேட்பது என்று ஏங்கி, எவரிடமும் கேட்காமலே விழுங்கிவிட்ட கேள்விகளை, இருட்டறையிலே போர்வைக்குள்ளே ஒரு பெண் அதனிடம் கேட்டுவிடக்கூடும். கேட்கத் தெரிந்தவள் கட்டுக்குள் நிற்கமாட்டாள். அதைத்தான் அஞ்சினர்.

என்ன கேட்பாள்? இத்தனை வலி இயல்பா, நோயா என்பாள். நாள் தள்ளிப் போயிருக்கிறதே, எங்கே போய்ப் பார்ப்பது என்பாள். பையன் என்ன கேட்பான்? உறக்கத்திலே விந்து வெளியேறினால் உடல் உருகிவிடுமா என்பான். இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்காத காரணத்தாலன்றோ, ஊருக்கு ஊர் விடுதியிலே அறை எடுத்துத் தங்கி, 'இளமையிலே செய்த தவறு' தீர லேகியம் விற்கும் வைத்திய சிகாமணிகள் மாடி வீடு கட்டினர்!

பள்ளிக்கூடம் சொல்லித் தரலாகாதா என்பீர்கள். நான் படித்த பள்ளியிலே இனப்பெருக்கப் பாடம் வந்த அன்று, ஆசிரியர் நூலின் ஏழெட்டுத் தாள்களைச் சேர்த்துப் புரட்டினார், "இதை வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டிலே! அதைவிடக் கூடம் முழுவதையும் கூட்டி வைத்துப் படிப்பது எளிது.

அது ஓர் ஆசிரியரின் கூச்சம், மன்னிக்கலாம். ஆனால் ஆட்சிகளுக்கும் அதே கூச்சம் வந்ததே! வளரிளம் பருவக் கல்வி என்ற பெயரிலே நடுவண் அரசும் தேசிய எயிட்சுக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரு பாடத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2007இல் மகாராட்டிரம் தடுத்தது, மத்தியப் பிரதேசம் தடுத்தது, கருநாடகம் தடுத்தது. 2009இல், வெங்கையா நாயுடு தலைமையிலே அமைந்த மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளிலே பாலியல் கல்வியே வேண்டாம், மணத்துக்கு முன் உறவு ஒழுக்கக்கேடு என்று மாணவர்க்குச் சொல்லுங்கள், போதும் என்று பரிந்துரைத்தது. நோய்க் கிருமிக்கு அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருந்தால் தொல்லையே இல்லை!

வகுப்பறைக் கதவு அடைபட்டது. ஆனால் கேள்வி அடைபடவில்லை. அது கைப்பேசிக்குள் குடியேறியது.

கேள்விக்கு விடை தருவதே குற்றம் என்ற கூத்து இந்த நாட்டிற்குப் புதிதன்று. மகரிஷி கார்வேயின் மகன் ரகுநாத் கார்வே, கணிதப் பேராசிரியர், 1921லேயே பம்பாயிலே கருத்தடை நிலையம் திறந்தவர். 1927இலிருந்து 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி ஏட்டை நடத்தினார். படிப்போர் நாணத்தை விட்டு எழுதிக் கேட்ட ஐயங்களுக்கு அச்சிலே விடை தந்தார். அந்த விடைகளே ஆபாசம் என்று 1934இல் அவரை நீதிமன்றத்திலே நிறுத்தினர். அவருக்காக வழக்காட எழுந்தவர் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர்! உடலைப் பற்றி ஒருவன் கேட்டால் உண்மையைச் சொல்வது எப்படி ஆபாசமாகும் என்று வாதாடினார். வழக்கு தோற்றது, கார்வேக்கு 200 ரூபாய் தண்டம். 1934இல் விடை சொன்னவனுக்கு 200. 2016இல் கேட்கக்கூடியவளுக்கு 2100! விலைவாசி ஏறியிருக்கிறது, வேறென்ன மாறியிருக்கிறது?

கார்வேயின் கேள்வி-பதில் பகுதியைத்தான் இன்று கைப்பேசி செய்கிறது. ஆப்பிரிக்காவிலே கென்யாவிலும் தான்சானியாவிலும் 2010இல் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. இணையம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். பொத்தான் கைப்பேசியே போதும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், கருத்தடை முறைகள் இன்னின்ன, ஒவ்வொன்றின் நன்மை தொல்லை இன்னின்ன, அருகிலுள்ள மருத்துவ நிலையம் இன்ன இடத்தில் என்று குறுஞ்செய்தியாகவே விடை வந்தது. நாடி வந்தோரில் பெரும்பாலோர் இளைஞர். பெயர் கேட்கவில்லை, அதனாலேதான் வந்தனர். தன் உடலைத் தானே பேணும் முறைகள் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தனி வழிகாட்டு நூலே வெளியிட்டது.

நம் டில்லி மட்டும் சும்மா இருந்ததா? இல்லை. நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். 2017 பிப்ரவரியிலே நலவாழ்வு அமைச்சகம் வளரிளம் பருவத்தினருக்கென்றே ஒரு செயலியை வெளியிட்டது. கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் இணைத்தது. செயலியின் பெயர்: 'சாத்தியா சலாஹ்'! செங்கத்துச் சிறுமிக்கும் சிவகங்கைச் சிறுவனுக்கும் இது தமக்காக வந்த துணை என்று எந்த எழுத்தைப் படித்துத் தெரியும்? பேறுகாலம் பற்றிக் கேட்க வந்தவள் முதலிலே பெயருக்குப் பொருள் கேட்க வேண்டியிருக்கிறது.

பெயர்த் தொல்லை சிறிது. இனி வருவது பெரிது.

2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2025 நவம்பரிலே அதன் விதிகள் வெளியாயின. முதன்மையான கடமைகள் 18 மாதம் கழித்து நடப்புக்கு வரும் என்று ஏற்பாடு. சட்டம் சொல்வது: 18 வயது நிரம்பாத எவரைப் பற்றிய செய்தியையும் ஒரு செயலி திரட்டுமுன், பெற்றோரின் இசைவை, சரிபார்க்கத்தக்க இசைவைப் பெறவேண்டும். தவறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். மருத்துவமனைக்கும் மருத்துவர்க்கும் சிகிச்சையளவில் விதிவிலக்கு உண்டு. ஆனால் மருத்துவமனை வாசல் மிதிக்க அஞ்சித்தானே அவள் கைப்பேசியிடம் வந்தாள்!

நாடகக்காரன் நான், காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

அவள்: நாள் தள்ளிப் போயிருக்கிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

கருவி: முதலில் வயதைச் சொல்.

அவள்: பதினேழு.

கருவி: அப்பாவின் அனுமதிச் சீட்டு எங்கே?

அவள்: அப்பாவிடம் கேட்க முடிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்?

கருவி: சட்டம் அம்மா, சட்டம்!

அவள்: எனக்குத் தீங்கு செய்தவனே என் வீட்டில்தான் இருக்கிறான். அவனிடமா கையெழுத்து வாங்க?

இந்தக் கேள்விக்குக் கருவியிடம் விடையில்லை. சட்டம் செய்தோரிடம் இருக்கிறதா? இருந்தால் எழுதட்டும், இதே பக்கத்திலே வெளியிடுகிறோம்.

குழந்தைகளைக் காக்கவே சட்டம் என்பர். காக்கட்டும்! 2019-21இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டிப் பாருங்கள். 20 முதல் 24 வயதுள்ள பெண்களில், 18 நிரம்புமுன்னே தாலி ஏறியவர்கள் இந்தியாவிலே நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டிலே 12.8. மணவறையிலே உட்கார வயது போதுமாம். மாத்திரையின் பெயரை அறிய மட்டும் வயது போதாதாம்! பிள்ளை சுமக்கத் தடுக்காத பதினாறு, பிள்ளையைத் தள்ளிப்போடும் வழியைக் கேட்டால் உடனே குழந்தையாகிவிடுகிறது!

அப்படியானால் செயலி வணிகர்களிடம் பெண்களை ஒப்படைத்துவிடலாமா? அதுவும் ஆகாது. மாதவிலக்கு நாளைக் குறித்துக்கொள்ள உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய 'ஃப்ளோ' என்னும் செயலி, 'உங்கள் இரகசியம் எங்களோடு' என்ற வகையிலே உறுதி கூறிவிட்டு, அந்தச் செய்திகளை முகநூல், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குத் தந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2021இல் உடன்பாட்டிலே முடிந்தது. முகநூலின் தாய் நிறுவனத்துக்கு எதிராக 2025 ஆகஸ்டிலே கலிபோர்னியா நடுவர் குழுவும் தீர்ப்புக் கூறிவிட்டது. பெண்ணின் மாதவிலக்கு நாளும் சந்தைச் சரக்கு! ஆகவே குழந்தைகளைப் பின்தொடராதே, குறிவைத்து விளம்பரம் செய்யாதே என்று அதே 2023ஆம் ஆண்டுச் சட்டம் வணிகர்க்கு இட்டிருக்கும் கட்டளையை இரு கைகூப்பி வரவேற்கிறேன். பூட்டு நல்ல பூட்டு. கொள்ளைக்காரன் வரும் கொல்லைப்புறத்தில் போடுங்கள் அதை. பிள்ளை வரும் தெருவாசலில் ஏன் தொங்கவிடுகிறீர்கள்? பெயரும் எண்ணும் திரட்டாமலே விடை சொல்லும் கருவி செய்ய முடியும். திரட்டாத செய்திக்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. அதைச் செய்ய இலாபம் இல்லை, அவ்வளவே. இலாபம் இல்லாததைச் செய்வதற்குத்தான் அரசு.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும், கருவியைக் கடவுளாக்கிவிடாதீர்கள். 2018இல் சுவீடன் நாட்டுத் தலைநகரிலே ஒரு மருத்துவமனை, கருக்கலைப்புக்கு வந்த 668 பேரில் 37 பேர், உடல் வெப்பத்தை அளந்து 'ஆபத்தில்லா நாள்' சொல்லும் 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' செயலியை நம்பியிருந்தோர் என்று தெரிவித்தது. ஆய்ந்து பார்த்த மருந்து ஆணையம், இது நிறுவனமே முன்கூட்டிச் சொன்ன அளவைத் தாண்டவில்லை என்றது. சொன்ன அளவு என்ன? வழக்கமாகக் கையாளும்போது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு! அதுவும் வளர்ந்த பெண்களிடம். பூப்பெய்திச் சில ஆண்டுகள்வரை சிறுமியரின் மாதச் சுழற்சி ஒழுங்குக்கு வராது; அவர்களுக்கு நாட்கணக்குச் சொல்லும் செயலி சோதிடம்தான்.

கைப்பேசியே சொந்தமாக இல்லாதவள் நிலை? அதே குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் இந்தியாவிலே நூற்றுக்கு 54 பேர்தாம். மற்றவள் அண்ணனுடையதை வாங்கிப் பார்ப்பவள்; பார்த்தது அதிலே பதிவாகி நிற்கும். தடம் பதியாமல் விடை தரும் ஏற்பாடு வேண்டும் என்பது அவளுக்காக.

கருவி விடை சொல்லிவிட்டது என்றே கொள்வோம். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும், விரைவாக உட்கொண்டால் பலன் மிகுதி என்று தெரிந்துகொண்டு ஒருத்தி தமிழ்நாட்டு மருந்துக்கடைப் படியேறுகிறாள். 2005இலேயே மருத்துவர் சீட்டின்றி விற்கலாம் என்று நடுவண் அரசு ஒப்பிய மாத்திரை அது. "இல்லை" என்கிறார் கடைக்காரர். அடுத்த கடையிலும் இல்லை. அதற்கடுத்த கடையிலே, "ஏம்மா உனக்கு?" என்று மேலும் கீழும் பார்வை! செய்தியாளர் பலர் கடைகடையாய் ஏறியிறங்கி எழுதிவிட்டனர். தடையேதும் இல்லை என்று அதிகாரிகளும் கூறியிருக்கின்றனர். தடையுமில்லை, மாத்திரையுமில்லை! பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று 1930களிலேயே 'குடி அரசு' ஏட்டிலே பெரியார் எழுதிய நாடு இது. இங்கே நடப்பது இது. தாக்கூர் பஞ்சாயத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம் என்று தொடக்கத்திலே ஏன் தடுத்தேன் என்பது இப்போது விளங்கும்.

ஆகவே கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். 104 என்ற நலவாழ்வுத் தொலைபேசி ஏற்கனவே இருக்கிறது. அதிலே பெயர் கேளாத, தமிழில் விடை தரும் குறுஞ்செய்திப் பிரிவு ஒன்றைத் திறவுங்கள். விடையோடு நிற்காமல் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தையும் காட்டட்டும். 18 நிரம்பாதோர் நலவாழ்வு பற்றிக் கேட்பதற்குப் பெற்றோர் இசைவு தேவையில்லை என்று விதியிலே ஒரு வரி சேர்க்க டில்லியை வற்புறுத்துங்கள். சிறுமியின் கருக்கலைப்புப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவிக்கும்போது அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரிலே உச்சநீதிமன்றமே வழிகாட்டியிருக்கையில், கருவிக்கு மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு?

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் ஊர் மருந்துக் கடைகளுக்குச் சென்று அந்த மாத்திரை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், எந்த ஆணையின்படி இல்லை என்று எழுதிக் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், அவரும் நம் ஊர்க்காரர், அவருக்கும் மகள் இருப்பாள். கடையின் பெயர் வேண்டாம், ஊரின் பெயரும் கிடைத்த விடையும் போதும். அலுவலகத்துக்கு அஞ்சலட்டையிலே எழுதுங்கள். ஞாயிறுதோறும் பட்டியல் போடுவோம்.