மீதியை வெள்ளித்திரையில் காண்க

நம் வயதுக்காரர்களுக்குப் பாட்டுப் புத்தகம் நினைவிருக்கும். தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்பார்கள். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகன் ஜெயிலுக்குப் போய்விட்டான், குழந்தையோடு அவள் என்ன ஆனாள் என்று நாம் பதறுகிற இடமாகப் பார்த்து நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். எங்கள் காலத்து ட்ரைலர் அதுதான். பிரெஞ்சில் இதற்குப் 'பாந்த் அனோன்ஸ்' என்று பெயர், அறிவிப்புச் சுருள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் வருவது என்று பொருள். ஆதியில் படம் முடிந்த பிறகு காட்டியதால் வந்த பெயர்.

எதிர்வீட்டுப் பையன் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். செய்முறைத் தேர்வுக்காக நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு திரில்லர் படத்துக்கு ட்ரைலர் எடுத்திருக்கிறார்கள். படமே கிடையாது. கதை எழுதியாயிற்று, ட்ரைலர் மட்டும்தான் வேலை. திரில்லர் வகைக்குரிய அடையாளங்கள் அதில் இருக்க வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். போன வாரம் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். இரண்டு நிமிடம். வைத்திக்குப்பம் பக்கம் ஒரு சிறுமி காணாமல் போகிறாள்.

அடையாளங்களில் ஒன்றும் பாக்கியில்லை. பாதி முகத்தில் வெளிச்சம், பாதியில் இருட்டு. கோணலாகச் சாய்ந்த காமிரா. திரை கறுத்துப்போய் இரண்டு வார்த்தை, மறுபடி கறுப்பு. இதயத் துடிப்பு. இடையிடையே வயிற்றைக் கலக்கும் அந்தத் 'தொம்' சத்தம். காதில் கருவி மாட்டியிருக்கும் என் போன்றவர்களுக்கு அது தனித் தண்டனை. ஆனாலும் பையன்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். இந்த மாதிரி வழக்கங்களைப் பார்த்து 'காப்பி' என்று முகம் சுளிப்பவன் இல்லை நான். ராகத்துக்கு ஆரோகணம் போல இதற்கும் ஒரு வரிசை உண்டு, படிக்கிற பிள்ளை அதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

என்னை உறுத்தியது வேறு. சிறுமி தெருவில் நடக்கிறாள். வெட்டு. அழுக்கு வேட்டி, சடை விழுந்த தலை, வெறித்த கண்ணோடு ஒரு மனிதர். வெட்டு. சிறுமியின் ஒற்றைச் செருப்பு. மறுபடி அந்த மனிதர், இம்முறை முகம் மட்டும், திரை முழுக்க. அவர் நடிகர் இல்லை. மார்க்கெட் பக்கம் படுத்துக் கிடப்பவர், எங்கள் தெருவிலும் நடப்பார். யாரையும் ஒன்றும் செய்ததில்லை. டீயும் ஐம்பது ரூபாயும் கொடுத்து எடுத்ததாகச் சொன்னான்.

"படத்துல அவர் நல்லவர் தாத்தா. கடைசியில பொண்ணக் காப்பாத்துறதே அவர்தான். ட்ரைலர்ல மட்டும் சந்தேகப்பட வைக்கிறோம். அதுவும் ஒரு வழக்கம்தான்" என்றான்.

அவன் சொல்வது சரிதான். தவறான ஆள்மேல் சந்தேகத்தைத் திருப்புவது துப்பறியும் கதையின் பழைய உத்தி. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954ல் வந்தது, பாட்டே இல்லாத படம். கணவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் போகிறது. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் வாய் திறந்து தன் பக்கத்தைச் சொல்ல நேரம் இருக்கிறது. கடைசியில் உண்மை வெளிவந்து மற்றவர்கள் மேல் விழுந்த பழி துடைக்கப்படுகிறது. அந்த உத்தியின் நியாயமே அந்தக் கடைசி ரீலில்தான் இருக்கிறது. ட்ரைலருக்குக் கடைசி ரீல் கிடையாது. அதிலும் இந்தப் பிள்ளைகளின் ட்ரைலருக்குப் பின்னால் படமே வரப்போவதில்லை. அந்த மனிதர் காப்பாற்றுகிற காட்சி இவர்கள் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். முகமோ கைப்பேசி கைப்பேசியாகப் போகும்.

அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு இது தெரிந்த விஷயம். விசாரணை தொடங்கு முன்பே முதல் பக்கத்தில் ஒருவர் பெயரை எழுதிவிட்டால், பின்னால் எத்தனை பக்கம் சேர்த்தாலும் மேலதிகாரி படிப்பது அந்த முதல் பக்கத்தைத்தான்.

கற்பனையாகப் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தவர்கள் வழியில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது. அதே மாதம் பழவேற்காட்டில், ஆதரவில்லாமல் திரிந்த ஒருவரையும் அப்படியே கொன்றார்கள். அவரும் மார்க்கெட் பக்கம் படுத்துக் கிடப்பவரைப் போன்ற ஒருவர்தான்.

அந்தச் சமயம் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்றைப் பற்றி இந்தப் பையனுக்குச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது நிஜமல்ல. கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அதே ஆட்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, இவ்வளவு சுலபமாகக் குழந்தை தொலையலாம் என்கிற அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை மட்டும் வெட்டிவிட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். நல்ல நோக்கத்தோடு எடுத்த படம், முடிவு போனதும் வதந்தியாகிவிட்டது. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. பையன் சற்று நேரம் பேசவில்லை. "எங்களது முடிவே இல்லாமத்தான் இருக்கு" என்றான்.

அப்படியானால் பயத்தை எங்கிருந்து கொண்டு வருவது? பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடப்புத்தகம் ஃபிரிட்ஸ் லாங் 1931ல் ஜெர்மனியில் எடுத்த 'எம்'. அதுவும் சிறுமி காணாமல் போகும் கதைதான். தாய் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். காலிப் படிக்கட்டு. துணி காயும் மொட்டைப் பரண். யாரும் தொடாத தட்டு. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் ஒன்று தந்திக் கம்பியில் சிக்கித் தவிக்கிறது. அவ்வளவுதான். கொலைகாரன் அந்த இடத்தில் வெறும் நிழலாகவும் சீழ்க்கைச் சத்தமாகவும்தான் வருகிறான். பிறகு அந்தச் சீழ்க்கையை வைத்தே கண் தெரியாத பலூன்காரர் அவனை அடையாளம் காண்கிறார். முகம் தெரியும்போது பார்த்தால் கொழுகொழுவென்று, பக்கத்து வீட்டு மாமா போலத்தான் இருக்கிறான்! உலக நடப்பும் அதுதான். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சடை விழுந்த தலையைக் காட்டுவதில் கலையும் இல்லை, உண்மையும் இல்லை.

ஹிட்ச்காக் 1960ல் 'சைக்கோ'வுக்கு எடுத்த ட்ரைலர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். படத்தின் காட்சிகளே கிடையாது. அவரே செட்டுக்குள் நடந்து, வீடு காட்டும் தரகர் போல ஒவ்வோர் அறையாகப் பேசிக்கொண்டே போவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுப்பார், ஒரு பெண் அலறுவாள். அந்தப் பெண்கூடப் படத்தில் அங்கே குளிக்கும் ஜேனட் லீ இல்லை, வேறொரு நடிகை. செலவு என்று பார்த்தால் பையன்கள் வாடகைக்கு எடுத்த விளக்குக்கே அதிகம் ஆகியிருக்கும்.

ஆகவே நான் சொன்னது இதுதான். இருட்டு இருக்கட்டும், இதயத் துடிப்பும் இருக்கட்டும், 'தொம்' கூட ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மனிதரின் முகத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு வீட்டு வாசல், சின்னச் செருப்பு ஜோடி ஒன்று, உள்ளேயிருந்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் மாற வேண்டும்.

நண்பர்களில் ஒருவனுக்குச் சம்மதமில்லையாம். அந்த முகம்தான் ட்ரைலரின் உயிர் என்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். குரலுக்கு எதிர்வீட்டு அம்மாவையே கேட்டிருக்கிறார்கள்; அவர் வெட்கப்படுகிறார்.