எங்கள் குசினி: மயோனைஸ் இல்லாத ரின்மீன்



இந்த மாதம் ஒரு சமையல் குறிப்போடு என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லப் போகிறேன். பிழையை முதலில் சொன்னால்தான் குறிப்பு விளங்கும்.

எங்கள் ஊரில் எனக்குப் பக்கத்துக் காணியில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். 2009இல் கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது அவளுடைய கட்லற்றும் றோலுந்தான். மாதர் சங்கத்தில் சிறு கடன் எடுத்து வியாபாரத்தைக் கொஞ்சம் பெருப்பித்திருந்த நேரம். ஒருநாள் ஓடி வந்தாள்.

“அக்கா, ஒரு கருத்தரங்குக்கு நாற்பது சான்ட்விச் கேட்டிருக்கினம். காலமைத் தேத்தண்ணிக்கு. என்ன வைச்சுச் செய்யலாம்?”

நான் கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் பழகியதை அப்படியே ஒப்புவித்தேன். ரின்னில் வரும் சூரை மீனை, கடைக்காரர் ‘ரூனா’ என்று தருவதை, வடித்தெடு; வெங்காயம் வெட்டிப் போடு; மயோனைஸ் விட்டுக் குழை; பாணில் பூசு. மிச்சம் சுகம் என்றும் சொன்னேன்.

அவள் விடிய நாலு மணிக்கு எழும்பிச் செய்தாள். மூன்று ரின், ஐந்து இறாத்தல் பாண், ஒரு போத்தல் மயோனைஸ். பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கி, இறுக்கி மூடி, ஏழு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து மணிக்கு வைக்க வேண்டிய இடைவேளை, பேச்சு நீண்டு ஒரு மணிக்குப் போய்விட்டது. சித்திரை வெயில், தகரக் கூரை மண்டபம். பெட்டியைத் திறந்தபோது புளித்த மணம். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. வைக்காதது நல்ல காலம். பெட்டி திரும்பி வந்தது, காசு வரவில்லை.

“நீங்கள் சொன்ன மாதிரித்தான் அக்கா செய்தனான்” என்று மட்டும் சொன்னாள். சாமான் வாங்கிய காசைக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அந்த மாதக் கடன் தவணைக்குத் தோட்டை அடகு வைத்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பழகிய வகுப்பில் குளிரூட்டிய அறை இருந்தது, பிறிஜ் இருந்தது. குழைத்ததை உடனே அதற்குள் வைத்தோம், எடுத்தவுடன் சாப்பிட்டோம். அதை அவளுக்குச் சொல்ல மறந்தேன். எங்களில் எத்தனை பேருடைய குசினியில் பிறிஜ் இருக்கிறது?

ஏன் பழுதாகிறது?

மயோனைஸ் என்பது முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் வினாகிரி அல்லது தேசிப்புளியோடு அடித்தெடுப்பது. கடைப் போத்தலில் புளிப்புக் கூடுதலாக இருப்பதால் மூடியபடி அது தாங்கும். வீட்டில் பச்சை முட்டையில் அடித்தால் அந்த நம்பிக்கையும் இல்லை. கடை மயோனைஸ் என்றாலும், மீனோடும் வெங்காயத்தோடும் குழைத்தவுடன் அதன் புளிப்புக் குறைந்துவிடும், ஈரம் கூடிவிடும். கிருமி பெருக வேறென்ன வேண்டும்?

கிருமிக்குப் பிடித்த சூடு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது. எங்கள் ஊர் வெயில் முழுக்க அதற்குள்தான். சமைத்த மீன், முட்டை, இறைச்சியை இந்தச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 பாகைக்கு மேல் வெயில் எறித்தால் ஒரு மணித்தியாலந்தான் கணக்கு. அவளுடைய பெட்டி ஆறு மணித்தியாலம் இருந்தது.

ஆனால் மயோனைஸை விட்டால் மட்டும் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ரின்னை வெட்டிய பிறகு அந்த மீனும் மற்ற மீனைப் போலத்தான். சூரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெளியில் கிடந்தால் அதில் ‘ஹிஸ்டமின்’ என்ற நச்சுப் பொருள் ஊறும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும். மீன் எனக்கு ஒவ்வாது என்று பலர் நினைப்பது சிலவேளை இதுவாகவும் இருக்கும். திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்தவை

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் அவளுடைய குசினியில் குந்தினோம். முதலில் மயோனைசுக்குப் பதிலாகத் தடித்த தேங்காய்ப்பால் விட்டோம். ருசி நல்லது. ஆனால் மத்தியானத்துக்கிடையில் அது மயோனைஸை விட முந்திப் புளித்தது. பிறகு தயிர். தண்ணீர் விட்டுப் பாண் ஊறிப்போனது. மூன்றாவதாக அவள்தான் சொன்னாள்: “அக்கா, கட்லற்றுக்குக் கிழங்கு தானே பிடிச்சுக் கொள்ளுது. இதுக்கும் அதைப் போட்டால் என்ன?”

அதுதான் சரி வந்தது.

சான்ட்விச் கலவை (சுமார் 15 சான்ட்விச்சுக்கு)

ரின்மீன், பெரியது, 425 கிராம் – 1
அவித்த உருளைக்கிழங்கு, நடுத்தரம் – 2
சின்ன வெங்காயம் – 12
பச்சை மிளகாய் – 3
கறிவேப்பிலை – 1 நெட்டு
கடுகு – அரைத் தேக்கரண்டி
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
தேசிக்காய் – 1
உப்பு – ருசி பார்த்து

மீனை வடித்தெடுங்கள். எண்ணெயில் போட்ட சூரை என்றால் அந்த எண்ணெயை ஊற்ற வேண்டாம், தாளிக்க அதுவே போதும். உப்புத் தண்ணீரில் போட்டதென்றால் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி எடுங்கள். தாச்சியில் கடுகை வெடிக்க விட்டு, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் மீனை உதிர்த்துப் போட்டு, சிறு நெருப்பில் ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். அவசரப்பட வேண்டாம். ஈரம் வற்றினால்தான் பாண் ஊறாது. பிறகு மசித்த கிழங்கும் மிளகுத்தூளும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். ரின்மீனில் உப்பு ஏற்கனவே இருக்கும். ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். அடுப்பில் இருக்கும்போது தேசிப்புளி விட்டால் கைக்கும். அதைப் பாணில் பூசுவதற்குச் சற்று முன் விடுங்கள். பாணில் முதலில் மெல்லியதாக மாஜரின் பூசினால் ஊறுவது இன்னும் குறையும்.

விற்பனைக்குக் கொண்டுபோகிறவர்கள் வீட்டிலேயே பூசி அடுக்க வேண்டாம். கலவையைப் புறப்படும் நேரம் நன்றாகச் சூடாக்கி, மூடியுள்ள பாத்திரத்தில் துணி சுற்றிக் கொண்டு போங்கள். பாணைத் தனியே கொண்டு போங்கள். போன இடத்தில் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆற விட்டு, தேசிப்புளி விட்டு, கை கழுவி, கரண்டியால் பூசிக் கொடுங்கள். கையில் புண் இருந்தால் அன்றைக்கு வேறொருவர் பூசட்டும். புண்ணில் இருக்கும் கிருமி சாப்பாட்டில் விடும் நஞ்சும் சூடாக்கிப் போகாதது.

வீட்டுக்கு

பிள்ளைகளுக்குப் புட்டோடு கொடுக்க: துருவிய தேங்காய்ப்பூ ஒரு கைபிடி, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிப்புளி, உதிர்த்த ரின்மீன். கையால் பிசைந்தால் சம்பல். நெருப்பே தேவையில்லை. ஆனால் பிசைந்தவுடன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

சுறா வறை செய்வது போலவும் செய்யலாம். மீனை உதிர்த்து, மஞ்சள், வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூவோடு வறுத்து, இறக்குமுன் இரண்டு கைபிடி முருங்கை இலை போட்டுப் பிரட்டுங்கள். ஒரு ரின் ஆறு பேருக்குக் காணும். ரின்னில் வரும் மற்ற மீன்களில் முள்ளும் இருக்கும். அது நன்றாக வெந்து மெத்தென்றிருப்பதால் எறியாமல் மசித்துச் சேருங்கள். கல்சியம் அதில்தான்.

ரின் வாங்கும்போது

ஊதிப் பெருத்த ரின், பொருத்தில் நெளிந்த ரின், துருப்பிடித்து ஒழுகும் ரின் எதையும் தொட வேண்டாம். மலிவு என்று கேட்டால் இன்னும் வேண்டாம். திகதியையும் எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பாருங்கள். மொத்த நிறையோடு வடித்த நிறையும் போட்டிருக்கும். காசு கொடுப்பது மீனுக்கு, தண்ணீருக்கு அல்ல. வெட்டிய பிறகு மிச்சத்தை ரின்னிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அன்றைக்கே சமைத்து முடியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மீனை ஒருமுறை தண்ணீரில் அலசினால் உப்புக் கொஞ்சம் குறையும்.

மாரி காலத்துக்கு இரண்டு ரின் ஒதுக்கி வைப்பது நல்லது. ரின்னுக்குள் அடைத்த பிறகு உயர் வெப்பத்தில் அவித்தெடுப்பதால், விறகு நனைந்த நாளில் அப்படியே சாப்பிடலாம். வெள்ளத்தில் நனைந்த ரின் என்றால் வெளிப்புறத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெட்டாதீர்கள்.

உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் வழியைப் பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்பவர் கண்டுபிடித்து 1810இல் பரிசு பெற்றார். அரசு பரிசு வைத்ததே யுத்தத்துக்குப் போகும் படைகளுக்காகத்தான். 2009இல் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து, கிடைத்த ஒரு ரின்னைக் கத்தியால் குத்தித் திறந்து பங்கிட்ட நாட்களில் எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு, யுத்தத்துக்காக வந்த இந்தச் சாமானில் இன்றைக்கு ஒருத்தி கடன் கட்டுகிறாள் என்பதை நினைத்துக் கொள்வேன்.

ஆம், கட்டிவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அறுபது சான்ட்விச் கேட்டார்கள். இம்முறை அவள் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்குச் சாப்பிடுவினம்? பிந்துமென்றால் எனக்குச் சொல்ல வேணும்” என்று. நாலு ரின், எட்டு இறாத்தல் பாண். மைதானத்து வேப்பமரத்துக்குக் கீழே மேசை போட்டு, பூசப் பூசக் கொடுத்தாள். பெட்டியில் மிச்சம் வரவில்லை. அடுத்த கிழமை தோடு காதுக்கு வந்தது.

எனக்கு அவள் வைத்த கட்டளை ஒன்று உண்டு: “அக்கா, இனி என்னத்தை எழுதினாலும் முதல் எங்கட வெயிலில வைச்சுப் பாத்திட்டு எழுதுங்கோ.”

இந்தக் குறிப்பை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் குசினியிலும் செய்து பாருங்கள். பிழைத்தால் எனக்கு எழுதுங்கள், சரி வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.