நல்ல தண்ணிக்குக் கேண்டில் போதும்

கோவை வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. நாக்கு பிரித்துவைத்த இந்தக் கணக்கைக் குடிநீர்க் கருவி விற்கும் நம் தொழில் மறந்துவிட்டது. சிறுவாணி வரும் வீட்டிலும் ஆர்.ஓ., போர் தண்ணீரே கதி என்றிருக்கும் வீட்டிலும் அதே ஆர்.ஓ. மாட்டிவிட்டு வருகிறோம். சமையலறை மேடையில் இருந்த எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் பரணுக்குப் போய்விட்டது. அதைக் கீழே இறக்க வேண்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. அவை எவை என்று சொல்லத் தெரிந்திருப்பது நம் வேலை.

பாலக்காடு மாவட்டத்துச் சிறுவாணி அணையிலிருந்தும் பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்தும் வருவது மலைநீர். கரைந்த உப்பு அதில் மிகக் குறைவு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கும் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் தர, இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பும். பல நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊருக்கு இது தாங்காது.

அந்தப் பல நாள் இடைவெளியில்தான் சிக்கலும் இருக்கிறது. வீட்டுக் குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது அதே தரம். மிஞ்சியிருந்தாலும், டிரம்மிலும் தொட்டியிலும் நாள்கணக்கில் நின்றால் அது போய்விடும். பிறகு சொம்பை முக்குகிற ஒரு கை போதும், கிருமி சேர்ந்துவிடும். எனவே இந்த வீடுகளுக்குத் தேவை இரண்டு: குடிக்கும் நேரத்தில் பாக்டீரியாவைத் தடுக்கும் ஒரு தடுப்பு, கை படாமல் குழாய் வழியே பிடிக்கும் மூடிய பாத்திரம். கேண்டில் ஃபில்டரில் இரண்டும் இருக்கின்றன. நல்ல கேண்டிலின் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. காலரா, டைஃபாய்டு பாக்டீரியாக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். கரண்டும் வேண்டாம்.

அதற்காக, கேண்டிலால் முடியாததை முடியும் என்று சொல்லி விற்கக் கூடாது. பாஸ்டரின் ஆய்வகத்தில் சேம்பர்லாண்ட் 1884-இல் பீங்கான் வடிகட்டியை உருவாக்கினார். ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலைச் சாற்றை 1892-இல் அதில் வடித்துப் பார்த்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் என்ற ஒன்று இருப்பது தெரியவந்ததே பீங்கானைத் தாண்டி அது வெளியே வந்ததால்தான். ஆகவே மஞ்சள் காமாலை பரவும் காலத்தில் கேண்டில் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்ல வேண்டும். உப்பையும் ஃபுளோரைடையும் கேண்டில் தொடாது. தர்மபுரியில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கும், திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள கிணற்று நீருக்கும் கேண்டிலைப் பரிந்துரைப்பது ஏமாற்று. ஆர்.ஓ.வுக்கு உரிய இடம் அது.

விற்றதோடு வேலை முடிவதும் இல்லை. கம்போடியாவில் மண்பானை வடிகட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, மாதத்துக்குச் சுமார் 2 சதவீத வீடுகளில் வடிகட்டியின் பயன்பாடு நின்றுபோனதைக் கண்டது; உடைந்துபோனதே முக்கியக் காரணம். மாற்று கேண்டிலும் வாஷரும் பக்கத்துத் தெருக் கடையில் கிடைக்காவிட்டால் நம்மூர் ஃபில்டருக்கும் அதே கதிதான். கேண்டிலைச் சோப்பு போடாமல் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பு நார் போட்டால் சுவர் தேய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க, நனைந்த கேண்டிலைத் தண்ணீரில் அமிழ்த்திக் காம்பு வழியாக மெல்ல ஊதிப் பார்க்கலாம். ஒரே இடத்திலிருந்து குமிழி ஓடி வந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கீழ்ப் பாத்திரத்தையும் அதன் குழாயையும் கழுவாத வீட்டில், வடிந்த தண்ணீரே மறுபடி கெட்டுப்போகும். இவற்றை வாடிக்கையாளருக்கு ஒருமுறை செய்து காட்டப் பத்து நிமிடம் போதும்.

விலை சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எந்தத் தண்ணீர், எத்தனை நாள் பிடித்து வைக்கிறீர்கள்? பிறகு டிடிஎஸ் மீட்டரை நனையுங்கள். குழாய்த் தண்ணீர்தான், 500-க்கும் கீழே என்றால் கேண்டிலைக் கொடுங்கள். நமக்கு அதில் லாபம் குறைவு. அந்த வீட்டுக்குத் தேவை அதுதான்.