பெயர் வெட்டாத கல்லறைகள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் வட்டத்தில் ஒரு முதிய தோழர் காலமானார். விவசாயத் தொழிலாளி. சிறு வயதிலேயே பண்ணையில் மாடு மேய்க்கப் போனவர். கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை சிறை சென்றவர். சங்கக் கொடியைப் போர்த்தி அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றோம். திரும்பி வரும்போது அவருடைய பேரன், பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், என் பக்கத்தில் நடந்து வந்தான். மெதுவாகக் கேட்டான்: “மாமா, தாத்தா ஜெயிலுக்குப் போனார் என்று பேசினீர்களே, எதற்காகப் போனார்? ஏதாவது திருட்டுக் கேஸா?”

எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. நம் மேல்தான் கோபம் வந்தது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தாத்தாவும் சொல்லவில்லை, சங்கமும் சொல்லவில்லை. நாம் வாயை மூடிக்கொண்டால் நம்முடைய தியாகிகளை நம் பிள்ளைகளே திருடர்கள் என்று நினைப்பார்கள். இதைவிட மிராசுதாருக்கு என்ன வெற்றி வேண்டும்?

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது கடல் கடந்த ஒரு கிராமம். அதன் கதையை நம் பஞ்சாலைத் தோழர்களும் வயல் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டால்படில் கிராமத்து ஆறு பேர்

இங்கிலாந்தின் தெற்கே டார்செட் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. அதில் டால்படில் என்பது ஒரு சிற்றூர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அந்த ஊர் ஏழைகள் பண்ணைக் கூலிகள். ஊர்ப் பொது நிலங்கள் வேலி போட்டு வளைக்கப்பட்ட காலம் அது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த நிலம் போயிற்று. கூலி ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கூலியும் தேய்ந்துகொண்டே போயிற்று. பக்கத்து ஊர்களில் வாரம் 10 ஷில்லிங் கொடுத்தார்கள். டால்படிலில் 9 ஷில்லிங். பிறகு 8. பிறகு 7. இனிமேல் 6 தான் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு அதை வைத்துக்கொண்டு வயிறு கழுவ முடியாது.

இதற்கு முன் 1830ஆம் ஆண்டில் தென் இங்கிலாந்துக் கூலி மக்கள் ஆத்திரம் தாங்காமல் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். வைக்கோற்போருக்குத் தீ வைத்தார்கள். சர்க்கார் 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றித் தீவாந்தரத்துக்கு அனுப்பியது. டால்படில் தோழர்கள் இதைப் பார்த்திருந்தார்கள். ஆகவே தீ வைக்கவில்லை. 1833ல் ஒரு சங்கம் வைத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த ‘குற்றம்’.

அந்த ஆறு பேரின் பெயரைச் சொல்கிறேன். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், லவ்லெஸின் அக்காளையோ தங்கையையோ கட்டிய உறவினரான தாமஸ் ஸ்டாண்ட்பீல்டு, அவர் மகன் ஜான் ஸ்டாண்ட்பீல்டு, ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். அனைவரும் ஏர் உழுதவர்கள், கதிர் அறுத்தவர்கள். ஜார்ஜ் லவ்லெஸ் தானே முயன்று எழுத்துப் படித்தவர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர். பைபிளைப் படித்தே நியாயம் பேசியவர். அப்போது கார்ல் மார்க்ஸுக்கு வயது 15. எந்தப் புத்தகத்தைப் படித்தும் அவர்கள் சங்கம் வைக்கவில்லை. வயிறு சொல்லிக் கொடுத்தது.

சட்டம் யாருடைய கையில்?

சங்கம் வைப்பது அப்போது சட்ட விரோதமா? இல்லை! சங்கத் தடைச் சட்டம் 1824லேயே நீக்கப்பட்டுவிட்டது. பின் எப்படிப் பிடித்தார்கள்? அங்கேதான் ஆளும் வர்க்கத்தின் தந்திரத்தைப் பார்க்க வேண்டும். சங்கத்தில் சேருகிறவர்கள் ரகசியம் காப்போம் என்று சத்தியம் செய்தார்கள். 1797ல் கப்பற்படைச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்குவதற்காகச் ‘சட்ட விரோதமான சத்தியம்’ என்று ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தார்கள். மாலுமிகளுக்காகச் செய்த அந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து உழவர்கள் மேல் பாய்ச்சினார்கள்.

1834 பிப்ரவரி 24ஆம் தேதி அதிகாலையில் ஆறு பேரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கைது செய்யப்பட்டார்கள். டார்செஸ்டர் நகரச் சிறைக்குச் சுமார் ஏழு மைல் நடத்திச் சென்றார்கள். இதன் மூலகர்த்தா அந்த வட்டாரத்து நிலச்சுவான்தாரும் மாஜிஸ்ட்ரேட்டுமான ஜேம்ஸ் பிராம்ப்டன். வழக்கை விசாரணைக்கு எடுக்கலாமா என்று தீர்மானிக்கும் பெரிய ஜூரியிலும் அவர் இருந்தார். புகார் செய்பவரும் அவரே, புகாரை ஏற்றுக்கொள்பவரும் அவரே! மார்ச் மாதம் நீதிபதி வில்லியம்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஆறு பேருக்கும் ஏழு ஆண்டு தீவாந்தர சிட்சை.

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் பட்டினி. ஏழைகளுக்கு ஊர் நிதியிலிருந்து கொடுக்கும் உதவியைக் கேட்டார்கள். சங்கத்துக்குக் கொடுக்கப் பணம் இருந்ததல்லவா, அங்கேயே போய்க் கேள் என்று மறுத்தார்கள். கப்பலேறியவர்கள் ஆறு பேர். தண்டனை அனுபவித்தவர்கள் அந்தப் பெண்களும் குழந்தைகளும் சேர்த்துத்தான் என்பதை மறக்கக்கூடாது.

யார் மீட்டார்கள்?

பஞ்சாலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1834 ஏப்ரல் 21ஆம் தேதி லண்டன் நகரில் பல்லாயிரக்கணக்கான தொழிலாளிகள் ஊர்வலம் போனார்கள். தையற்காரர், தச்சர், செருப்புத் தைப்பவர், நெசவாளர் என்று பல தொழில் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் டால்படில் கிராமத்தைக் கண்ணால் கண்டதில்லை. கலப்பை பிடித்ததில்லை. இருந்தும் ஆறு உழவர்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். தலைமையான மந்திரிகளில் ஒருவரான மெல்போர்ன் பிரபு அன்று மகஜரை வாங்க மறுத்தார். அவர்கள் ஓயவில்லை. நாடெங்கும் கையெழுத்து, கூட்டம், குடும்பங்களுக்கு நிதி. 1836 மார்ச்சில் சர்க்கார் பணிந்தது. ஆறு பேருக்கும் முழு மன்னிப்பு.

மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது? ஆனாலும் ஆள் திரும்பி வந்தார்கள். 1837ல் ஜார்ஜ் லவ்லெஸ், 1838ல் நால்வர், கடைசியாக 1839ல் ஹாமெட். பட்டறையும் வயலும் கை கோத்தபோது கிடைத்த வெற்றி அது.

வெற்றிக்குப் பின் வந்த மௌனம்

பாடப் புத்தகமானால் கதையை இங்கே முடித்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பின் நடந்ததுதான்.

தொழிலாளிகள் திரட்டிய நிதியில் எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் அவர்களுக்குக் குத்தகை நிலம் எடுத்துக் கொடுத்தார்கள். அங்கும் நிலச்சுவான்தார்களும் பாதிரியாரும் நிம்மதியாக இருக்க விடவில்லை. 1840களின் நடுவில் ஐந்து பேர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். இன்று ஒண்டாரியோ எனப்படும் மாகாணத்தில், அங்கும் லண்டன் என்றே பெயருள்ள ஊரைச் சுற்றிக் குடியேறினார்கள். காடு திருத்தினார்கள், வீடு கட்டினார்கள். தாமஸ் ஸ்டாண்ட்பீல்டு 1864லும், ஜேம்ஸ் லவ்லெஸ் 1873லும், ஜார்ஜ் லவ்லெஸ் 1874லும் அங்கேயே இறந்தார்கள். ஜான் ஸ்டாண்ட்பீல்டு 1898 வரை, பிரைன் 1902 வரை இருந்தார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் யார்? கோவிலுக்குப் போகும் நல்ல குடியானவர்கள், பழைய குடியேறிகள். அவ்வளவுதான். தாங்கள் கைதிகளாக இருந்ததை வெளியே பேசுவதில்லை என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள் என்றும், அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை என்றும் சொல்லப்படுகிறது. ஒரு சாம்ராஜ்யத்தைப் பணிய வைத்தவர்கள் அந்தப் பெருமையைக் குற்றத்தை மறைப்பதுபோல் மறைத்து வைத்தார்கள். கைவிலங்கைக் கழற்றிவிட்டார்கள், வாய்ப்பூட்டை யாரும் கழற்றவில்லை.

ஹாமெட் ஒருவர்தான் டால்படிலுக்கே திரும்பியவர். கட்டட வேலையில் கூலியாக உழைத்தார். முதுமையில் கண் பார்வை போயிற்று. வீட்டாருக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று டார்செஸ்டரில் ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். 1891ல் அங்கேயே இறந்தார். வயது 79. டால்படில் மாதாகோவில் மண்ணில் புதைத்தார்கள். புதைக்கும்போது சங்கத்தைப் பற்றி யாரும் பேசிவிடக்கூடாதென்று நிலச்சுவான்தார் வந்து நின்று பார்த்தார் என்று ஊரில் சொல்லி வந்திருக்கிறார்கள். பேச்சும் இல்லை, கல்லும் இல்லை. 43 ஆண்டுகள் அந்தக் குழிக்குப் பெயரில்லை.

அதே டார்செட் கவுண்டிக்கு ஒரு பெரிய சரித்திரப் புத்தகம் உண்டு. ஹட்சின்ஸ் என்ற பாதிரியார் எழுதி 1774லேயே வெளிவந்தது. பின்னால் பலமுறை விரித்து அச்சிட்டார்கள். அதில் எந்தப் பண்ணை யாருக்குச் சொந்தம், அவர் பாட்டன் யார், முப்பாட்டன் யார் என்று பக்கம் பக்கமாக வம்சாவளி இருக்கிறது. நிலம் வைத்திருந்தவனுக்கு ஏழு தலைமுறைக்குப் பெயர். நிலத்தை உழுதவனுக்கு ஒரு தலைமுறைக்கும் கல் இல்லை. சரித்திரத்திலும் பட்டா யார் கையில் இருக்கிறது பாருங்கள்!

ஹாமெட்டின் கல் எப்படி வந்தது? 1934ல், நூறாவது ஆண்டில், பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் வைத்தது. அத்துடன் முதிய விவசாயத் தொழிலாளர் குடியிருக்க ஆறு வீடுகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர் வைத்தார்கள். கனடா லண்டனிலும் இன்று டால்படில் பெயரில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் டால்படிலில் சங்கக் கொடிகளோடு தொழிலாளர் கூடுகிறார்கள். சர்க்கார் செய்யவில்லை, பிரபுக்கள் செய்யவில்லை. சங்கம் நினைத்தது, பெயர் எழுந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஐவர் காடு திருத்திய கனடா நிலம் ஆளில்லாத நிலமல்ல. ஆதிகுடி மக்களிடமிருந்து 1796ல் உடன்படிக்கை எழுதி வெள்ளைச் சர்க்கார் வாங்கிய நிலம். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே, அங்கே உடன்படிக்கைகூட இல்லை. நம் ஆறு பேரை நினைக்கிறபோது, அந்த மண்ணின் முதல் மனிதர்களையும் நினைப்பதுதான் நியாயம். பெயர் இழந்தவர்களுக்குள்ளும் அடித்தட்டு ஒன்று உண்டு.

நமக்கு என்ன?

சில தோழர்கள் கேட்கலாம்: “செத்தவர் கதை எதற்கு? இன்றைய கூலியைப் பேசு.” இன்றைய கூலியைத்தான் பேசுகிறேன். நேற்று எப்படிக் கூலி உயர்ந்தது என்று தெரியாதவன், முதலாளி மனம் இரங்கிக் கொடுத்தான் என்று நம்புவான். அப்படி நம்புகிறவனுக்கு நாளை சங்கம் எதற்கு என்று தோன்றும். ஞாபகம் போனால் சங்கம் போகும். சங்கம் போனால் கூலி போகும்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் எரிக்கப்பட்ட 44 பேரை நாம் மறக்கவில்லை. ஆண்டுதோறும் போகிறோம். சரி. ஆனால் தீயில் சாகாமல், தடியடி பட்டு, சிறை போய், வயிறு ஒட்டி, எழுபது வயதில் ஓலைக் குடிசையில் சத்தமில்லாமல் கண் மூடிய ஆயிரமாயிரம் பேர்? அவர்கள் நம் ஹாமெட்டுகள். அவர்களுக்கு என்ன செய்தோம்?

நான் ஒரு யோசனை சொல்கிறேன். பெரிய செலவில்லை. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். ஊரில் உயிரோடிருக்கும் முதியவர்களிடம் போய் உட்கார வேண்டும். இறந்தவர் பெயர், செய்த வேலை, அன்று வாங்கிய கூலி, நின்ற போராட்டம், போன சிறை, இறந்த ஆண்டு, இவற்றை எழுத வேண்டும். தலைவர் பெயர் மட்டும் போதாது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அம்மாவின் பெயர், ஒளித்து வைத்த பாட்டியின் பெயர், அதுவும் வேண்டும். ‘இன்னார் மனைவி’ என்று எழுதாதீர்கள். அந்த அம்மாவின் பெயரையே எழுதுங்கள். பயந்து விலகியவர் இருந்தால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். பொய் கலந்த பெருமை நமக்கு வேண்டாம். ஆண்டுக்கொரு முறை கிளைக் கூட்டத்தில் அதை உரக்கப் படியுங்கள். பஞ்சாலைத் தோழர்கள் ஆலை வாயிலில் படிக்கட்டும்.

சீக்கிரம் செய்யுங்கள். அந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பேரனுக்கு அன்று நான் நடந்தபடியே பதில் சொன்னேன். “திருட்டுக் கேஸ் இல்லை தம்பி. உன் அப்பனுக்கு ஒரு வேளைச் சோறு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று போனார்.” அவன் சற்று நின்றான். பிறகு, “இதை எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் போய் நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்தக் கிழவர் பெயர் இருக்கிறது. உங்கள் ஊர் நோட்டில் முதல் பெயர் யாருடையது, தோழர்களே?