வீட்டுத் தரகும் விற்போர் உரிமையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை விற்றுப் பார் என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் ராஜபாட்டையிலுள்ள வாழப்பாடி போன்ற ஊர்களில், பாக்குத் தோப்பிலும் பாக்கு வியாபாரத்திலும் பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு குடும்பம் தனது முதல் வீட்டைக் கட்டிக் கொள்கின்றது. பிள்ளைகளின் மேற்படிப்பு, பெண்ணின் விவாகம், வைத்தியச் செலவு, சேலத்துக்கோ கோயமுத்தூருக்கோ குடிபெயர வேண்டிய நிர்ப்பந்தம் ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று நேரும்போது அவ்வீடு விலைக்கு வருகின்றது. வாழ்நாளில் ஒருமுறையே இக்காரியத்தைச் செய்யும் குடும்பஸ்தர், இதையே தினந்தோறும் தொழிலாகச் செய்யும் தரகரை நம்பி நிற்கின்றார். இந்த ஏற்றத்தாழ்விலிருந்து விளையும் ஓர் அநீதியைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

தரகுத் தொழிலை நாம் இழிவாகக் கருதவில்லை. வாங்குவோரைத் தேடிக் கொணர்வதும், பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் ஆகியவற்றைச் சரிபார்க்க உதவுவதும், இரு தரப்பாருக்கும் நடுவே சமாதானமாகப் பேசி முடிப்பதும் உழைப்பேயாகும். அவ்வுழைப்புக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கூலி கேட்பதில் குற்றமில்லை. நாணயமான தரகர்கள் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஆயின் நமது மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை யாவரும் அறிவர். துண்டுக்குள் நடப்பது தரகருக்கு மட்டுமே முழுதும் தெரியும். மாட்டுக்கு ஏற்பட்ட அந்தத் துண்டு இப்பொழுது மனிதர் குடியிருக்கும் வீட்டின் மேலும் விழுந்திருக்கின்றது.

உதாரணமாக, ஒருவர் தமது வீட்டுக்கு நாற்பது லட்சம் ரூபாய் கேட்கின்றார் என்று வைத்துக் கொள்வோம். தரகர் வாங்குவோரிடம் நாற்பத்து மூன்று லட்சம் என்கின்றார். பேரம் அவ்விதமே முடிகின்றது. நடுவே நின்ற மூன்று லட்சம் தரகரைச் சேர்கின்றது. போதாததற்கு, நாற்பது லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் எண்பதாயிரம் ரூபாயைத் தரகுக் கூலியாக விற்றவரே மனமுவந்து கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்புகின்றார். தமது வீட்டின் உண்மை விலை என்னவென்பதை அவர் கடைசி வரை அறிவதேயில்லை.

இது சாமர்த்தியம் என்று சிலர் சொல்லக் கூடும். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏஜெண்டின் கடமைகளை வெகு தெளிவாக வகுத்திருக்கின்றது. எஜமானருக்குச் சரியான கணக்குக் கொடுக்க வேண்டுமென்று 213-ஆம் பிரிவு கூறுகின்றது. எஜமானர் அறியாமல் ஏஜெண்டு அவ்வியாபாரத்தைத் தன் சொந்த லாபத்துக்காக நடத்தினால், கிடைத்த லாபத்தை எஜமானர் கேட்டு வாங்கலாமென்று 216-ஆம் பிரிவு கூறுகின்றது. தவறான நடத்தை செய்த ஏஜெண்டு, தவறு நேர்ந்த காரியத்தின் மட்டில் கூலி பெற உரிமையற்றவன் என்பது 220-ஆம் பிரிவு. ஆகவே அந்த மூன்று லட்சமும் விற்றவருக்குச் சேர வேண்டிய பணம். கொடுத்த எண்பதாயிரத்தையும் திரும்பக் கேட்க அவருக்கு நியாயமுண்டு.

நூற்றைம்பது வருஷங்களாக இருந்துவரும் இந்தச் சட்டம் ஏன் பயன்படவில்லை? அதற்கு நமது ஜனங்களின் ஒரு பழக்கமே முக்கிய காரணம் என்பதை ஒளியாமல் சொல்ல வேண்டும். கிரயப் பத்திரத்தில் உண்மை விலையை எழுதுவோர் சிலரே. சர்க்கார் வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதி, மீதியை ரொக்கமாகக் கைமாற்றுவது சாதாரணமாகிவிட்டது. முத்திரைத் தீர்வை மிச்சமென்று வாங்குவோர் மகிழ்கின்றனர். வருமான வரி மிச்சமென்று விற்போர் மகிழ்கின்றனர். அந்த ரொக்கம் தரகர் கை வழியாகவே வருகின்றது. பத்திரத்தில் உண்மை விலை இராதபோது, தரகர் இடையில் எடுத்த தொகைக்குச் சாட்சி ஏது? பொய்க்கு உடன்பட்டவர் தமக்குரிய சாட்சியத்தைத் தாமே அழித்தவராகின்றார். கோர்ட்டுக்குப் போனால் தம் குற்றமும் வெளிப்படுமே என்று அஞ்சி வாய் மூடிக் கிடக்கின்றார். ஸ்தாவர சொத்துக் கிரயத்தில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கின்றது. மீறினால் பெற்ற தொகை முழுவதையும் அபராதமாக விதிக்கலாம். அந்த அபராதம் பணம் பெற்றவர் தலையில் விழுமேயன்றித் தரகர் தலையில் விழாது.

இதைவிட அபாயமான வழிகளும் உண்டு. சிறிது முன்பணம் கொடுத்து, வாங்குவோர் பெயரை எழுதாமலே கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் பெறுவது ஒன்று. விற்பவரிடமிருந்து பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இஷ்டப்பட்ட விலைக்கு விற்பது மற்றொன்று. அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் இத்தகைய கைமாற்றங்களால் சொத்துரிமை மாறாதென்றும், பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையைக் கொடுக்குமென்றும் சுப்ரீம் கோர்ட்டு 2011-இல் தீர்ப்பளித்தது. கிரய ஒப்பந்தமும், ஸ்தாவர சொத்து சம்பந்தமான அதிகாரப் பத்திரமும் கட்டாயம் பதிவாக வேண்டுமென்று 2012-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆகையால் பெயரில்லாத ஒப்பந்தத்தை நீட்டுபவரைக் கண்டதும் விலகி நிற்பதே விவேகம்.

தரகரைக் கட்டுப்படுத்த 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கின்றதே என்று கேட்கலாம். அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்கின்றது. பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆயின் இவையாவும் அச்சட்டப்படி பதிவான புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்ககங்களையும் விற்கும் ஏஜெண்டுகளுக்கே பொருந்தும். வாழப்பாடியில் ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை விற்க முற்பட்டால், அவருக்கு வாய்க்கும் தரகரை இச்சட்டம் தீண்டுவதில்லை. பெரிய கம்பெனியின் புது வீட்டை வாங்குவோனுக்குக் குடை பிடித்த சட்டம், சொந்த வீட்டை விற்கும் ஏழைக் குடும்பஸ்தனை வெயிலில் நிறுத்திவிட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் 1979-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தரகுக் கூலி எவ்வளவு என்பதை ஏஜெண்டு முன்னதாகவே அறிவிக்க வேண்டும். தமக்குச் சொந்த சம்பந்தம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நம்மவர் பெருவாரியாக வாழும் சிங்கப்பூரில் 2010-இல் தனிச் சபையே ஏற்பட்டது. அங்கே ஒரே கிரயத்தில் இரு தரப்பாருக்கும் ஒரே ஏஜெண்டு நிற்பது விலக்கப்பட்டிருக்கின்றது. நமது தேசத்திலேயே ஹரியானா 2008-இல் சொத்துத் தரகர்களுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. தமிழ்நாடு ஏன் பின்தங்க வேண்டும்? பழைய வீடு, நிலம் ஆகியவற்றின் தரகர்களும் பதிவு பெற வேண்டும். அவர்கள் பெயரும் பதிவு எண்ணும் பெற்ற கூலியும் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். பதிவான தரகர் பட்டியல் ஒவ்வொரு சார்பதிவாளர் ஆபீஸிலும் தொங்க வேண்டும். சர்க்காருக்கு இதனால் செலவு அற்பம். பிரஜைகளுக்கு நன்மையோ அதிகம்.

சட்டம் வரும் வரையில் விற்போர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தரகரை அமர்த்துமுன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதி இருவரும் கையெழுத்திடுக: கூலி வீதம், எத்தனை மாதத்துக்கு ஏற்பாடு என்பது, வரும் விலைகள் யாவற்றையும் உடனுக்குடன் தெரிவித்தல், வாங்குவோரிடமும் கூலி பெறுவதானால் அதைச் சொல்லுதல், முன்பணம் நேரே விற்பவர் பாங்குக் கணக்கில் சேருதல். வாங்குவோரை நேரில் கண்டு விலையை அவர் வாயாலேயே கேட்டு, பத்திரத்தில் அந்த விலையையே எழுதுக. இதற்கு இணங்காத தரகரை விட்டு வேறொருவரை நாடுக.

பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு. மேடையில் உரிமை பேசுவோர், தமது தாலுகாவில் வாரம் ஒருநாள் உட்கார்ந்து, படிப்பில்லாதவருக்குப் பத்திரங்களைப் படித்துச் சொல்லலாம். தன் வீட்டின் விலையைத் தானே அறிய மாட்டாத பிரஜைக்குச் சுயராஜ்யத்தின் பயன் பாதியே கிட்டியதாகும். துண்டை விலக்கி விலையை வெளிச்சத்தில் பேசச் செய்வது சர்க்காரின் கடமை. செய்விப்பது நமது கடமை. இனியும் தாமதியாமல் சட்டசபையார் இதனைக் கவனிப்பார்களாக.